கணக்கில் வராத ஏழு மாதம்

எங்கள் ஊரில் கல்யாண நாளை மறந்த புருஷன்கள் உண்டு, பெண்டாட்டிகள் கிடையாது. பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். இருபது வருடம் என்றைக்கு முடிகிறது என்று எண்ணிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான்.

ஃபயெட்வில்லில் அமெரிக்க ராணுவ முகாம் வாசலுக்கு வெளியே, அடகுக் கடைக்கும் முடி வெட்டும் கடைக்கும் நடுவில் என் தையல் கடை. சிப்பாய்களின் சட்டையில் பெயர்ப்பட்டை தைப்பது, பதவி உயர்ந்தவனின் பழைய பட்டையைப் பிரித்துவிட்டுப் புதியதை வைப்பது, கால்சட்டையை மடித்து அடிப்பது. பலகையில் எழுதியிருக்கும் வேலை இது. எழுதாத வேலை ஒன்றும் எனக்கு உண்டு. வீட்டில் விவாகரத்துப் பேச்சு கிளம்பியதும் பட்டாளத்துப் பெண்கள் தேதிகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "மிஸ் வெர்லீன், கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க" என்பார்கள். வக்கீலிடம் போனால் வாயைத் திறந்ததற்கே பணம். என்னிடம் ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் போதும்.

கணக்கு சுலபமானதுதான். அவன் இருபது வருடம் ராணுவத்தில் இருந்திருக்க வேண்டும். நீ இருபது வருடம் அவன் பெண்டாட்டியாக இருந்திருக்க வேண்டும். அவன் வேலையும் உன் கல்யாணமும் சேர்ந்தாற்போல் ஓடிய காலமும் இருபது வருடம் தேற வேண்டும். மூன்றும் சரியாக வந்தால், அவன் உன்னை விட்டுப் போன பிறகும் உன் ராணுவக் குடும்ப அட்டை உன்னுடையது. வேறொருவனைக் கட்டிக்கொள்ளாத வரைக்கும் ஆஸ்பத்திரி, மருந்து, முகாமுக்குள் இருக்கும் மளிகைக் கடை எல்லாம் உண்டு. மூன்றாவது இருபது மட்டும் கொஞ்சம் குறைந்து பதினைந்துக்கு மேல் நின்றால், ஒரே ஒரு வருடம் வைத்தியம் பார்த்துவிட்டு வாசலைக் காட்டிவிடுவார்கள். ஒரு நாள் குறைந்தாலும் குறைவுதான். அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு நடக்க வேண்டும். நானும் இந்தக் கணக்கில் தேறி அட்டை வாங்கியவள்தான்.

லூர்தெஸ் என் கடையில் ஒன்பது வருடமாகத் தைக்கிறாள். புவேர்ட்டோ ரிக்கோக்காரி, நாற்பத்து நான்கு வயது. அவளுக்கு லூபஸ். உடம்பே உடம்பைக் கடித்துத் தின்னும் நோய். மாதம் ஒரு தடவை முகாம் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் கையில் ஊசியோடு உட்கார்ந்து மருந்து ஏற்றிக்கொண்டு வருவாள். அது தவறினால் விரல்கள் வீங்கிப்போகும், ஊசியில் நூல் கோர்க்க முடியாது. வெளியே காப்பீடு வாங்கலாமே என்று சொல்பவர்கள் ஒரு தடவை விலையைக் கேட்டுவிட்டு வந்து சொல்லட்டும். நான் கொடுக்கும் சம்பளம் முழுக்க அதற்கே போய்விடும், சோற்றுக்கு என்ன செய்வாள்?

அவள் புருஷன் வெண்டெல் டேட் விமானத்திலிருந்து குதிக்கும் படையில் மாஸ்டர் சார்ஜென்ட். 2000ஆம் வருடம் சேர்ந்தவன். ஈராக், ஆப்கானிஸ்தான் என்று ஏழு தடவை போய் வந்தவன். அத்தனை தடவை போனவன் அப்புறம் வீட்டில் இருந்தாலும் வீட்டில் இருப்பதில்லை. 2022 அக்டோபரில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். எங்கள் மாநிலச் சட்டப்படி புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முழு வருடம் தனித்தனிக் கூரையின் கீழ் இருந்தால்தான் விவாகரத்துக்கு மனுவே போட முடியும். அந்த வருடம் முடிந்துவிட்டால் மற்றவர் தடுக்கவும் முடியாது.

அவர்கள் கல்யாணம் 2004 ஜனவரி பதினேழு. வெண்டெலின் வருடமோ 2023 அக்டோபரில் முடிகிறது. உடனே மனு போட்டால் கிறிஸ்துமஸுக்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். இருபதுக்கு ஒரு மாதம் குறையும்.

"வீட்ட விட்டுக் குடு," என்று அவளுக்குச் சொன்னவள் நான்தான். "உன் பங்கு முழுசையும் அவனுக்கே எழுதிக் குடுத்துடு. பதிலுக்கு ஜனவரி பதினேழு தாண்டற வரைக்கும் மனு போடாதேன்னு கேளு. வீடு உனக்கு ஊசி போடாதுடி. அட்டை போடும்."

"அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சதே நான்தான், மிஸ் வெர்லீன். அவன் காந்தஹார்ல இருந்தான்."

"பெயின்ட்தானே, போனாப் போகுது."

எழுதிக் கொடுத்தாள். வெண்டெலும் வாக்குத் தவறவில்லை. ஜனவரி இருபத்திரண்டாம் தேதிதான் மனு போட்டான். அன்றைக்கு நான் கடையில் கேக் வெட்டினேன். இப்போது நினைத்தால் கத்தியால் என்னையே குத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி முதல் வாரம், தீர்ப்பு வந்த பிறகு என்னென்ன தாள் கொண்டுவர வேண்டும் என்று கேட்க லூர்தெஸ் அட்டை அலுவலகத்துக்குப் போனாள். அவள் வக்கீல் வாங்கி வைத்திருந்த வெண்டெலின் பணிப்பதிவு நகலும் கையில் இருந்தது. போனவள் மத்தியானம் திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மெஷின் பக்கத்தில் நின்றாள்.

"மிஸ் வெர்லீன், அவன் வெளிய வந்திருந்தானே, அத நீங்க கணக்குல சேத்தீங்களா?"

"எங்கேருந்து வெளிய?"

"பட்டாளத்துலேருந்து. ரெண்டாயிரத்தெட்டு செப்டம்பர்ல வந்தான். அடுத்த ஏப்ரல்ல திரும்பச் சேந்தான்."

நான் மெஷினை நிறுத்தினேன். என்னிடம் வந்த அத்தனை பெண்களிடமும் ரெண்டே கேள்விதான் கேட்டிருக்கிறேன். எப்போ கல்யாணம், எப்போ சேர்ந்தான். நடுவில் வெளியே வந்தானா என்று ஒருத்தியிடம்கூடக் கேட்டதில்லை. எங்கள் தெருவில் யார் புருஷன் வெளியே வந்தான்? காலை உடைத்துக்கொண்டு வருவான், பெட்டியில் வருவான். சும்மா ஒருத்தன் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வருவான் என்று என் மண்டைக்குத் தோன்றவே இல்லை.

"கவுன்டர்ல இருந்த மனுஷன் நல்லவர்," என்றாள். "மூணு தடவ எண்ணிப் பாத்தார். 'நடுவுல ஒரு ஓட்டை இருக்கும்மா'ன்னார். கல்யாணம் இருபது வருஷம் சரி. அவன் வேலையும் இருபதுக்கு மேல, சரி. ரெண்டும் சேந்து ஓடினது பத்தொம்பது வருஷம் அஞ்சு மாசந்தானாம். ஆகஸ்ட் பதினேழு வரைக்கும் நான் பெண்டாட்டியா இருக்கணுமாம்."

"ஏன்டி இத எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"நீங்க கேக்கலையே! எனக்கும் தோணல. அந்த ஏழு மாசந்தான் அவன் தெனமும் வீட்ல இருந்தான். ராத்திரி தூங்கினான். ஞாயித்துக்கிழமை எங்கூட சர்ச்சுக்கு வந்தான். கல்யாணம்னு ஒண்ணு நடந்தது அப்பத்தான். அதப் போய் யாராவது கழிப்பாங்களா?"

அவனை வெளியே வரவைத்தவளும் அவள்தான். மூன்றாவது தடவை ஈராக்கிலிருந்து திரும்பியவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள், போதும், இனிமேல் போகாதே என்று. அவனும் எட்டு வருட ஒப்பந்தம் முடிந்ததும் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டான். வந்த மாதமே நாடு முழுக்கச் சம்பாத்தியம் படுத்துவிட்டது. டயர் கடையில் மூன்று வாரம், கிடங்கில் இரண்டு மாதம், அப்புறம் ஒன்றுமில்லை. ஏப்ரலில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போய்ச் சேர்ந்தான். என்னிடம் வேலைக்கு வரும் முன் நடந்த கதை, எனக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் இருவரும் வெண்டெலைப் பார்க்கப் போனோம். நெடுஞ்சாலை ஓரத்து அடுக்குமாடியில் இருந்தான். கதவைத் திறந்தது ஒரு பெண். இருபத்தேழு வயது இருக்கும், வயிற்றில் ஐந்து மாதம். பெயர் பிரியெல் என்று அவளே சொன்னாள். சோபாவைக் காட்டி உட்காரச் சொன்னாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். திட்டலாம் என்று போனவளுக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் திட்ட வரவில்லை. அதுவே எனக்குக் கோபம்.

வெண்டெல் உள்ளேயிருந்து நொண்டிக்கொண்டு வந்தான். குதித்துக் குதித்து முழங்கால் இரண்டும் போய்விட்டன.

"மனுவ வாபஸ் வாங்கிக்கோ," என்றாள் லூர்தெஸ். "ஆகஸ்ட் பதினேழு தாண்டினதும் திரும்பப் போடு. வேற எதுவும் கேக்கல."

"ஆகஸ்ட்டா? ஜூன்ல இவளுக்குப் பிரசவம், லூர்தெஸ்."

"பிரசவத்துக்கும் என் அட்டைக்கும் என்னடா சம்பந்தம்?" என்றேன் நான்.

"இருக்கு, மிஸ் வெர்லீன். கட்டிக்கிட்டாத்தான் இவள என் பேர்ல சேக்க முடியும். வேலையில்ல, காப்பீடு இல்ல. ரத்தக் கொதிப்பு வேற. டாக்டர் கட்டாயம் ஆப்பரேஷன்னு சொல்லிட்டார். இந்த விவாகரத்து முடிஞ்சாத்தான் எங்க கல்யாணம்."

பிரியெல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவன் பெயரில் ஒரு பெண்டாட்டிக்குத்தான் இடம், அந்த இடத்துக்கு இரண்டு நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். இப்படி ஒரு சட்டத்தை எழுதியவனுக்கு வீட்டில் யாருக்கும் காய்ச்சல்கூட வந்திருக்காது.

"ஏழு மாசம் ஒதைக்குதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். "இவகிட்ட வீட்ட எழுதி வாங்கறப்ப தெரியாதா?"

அவன் முழங்காலைத் தேய்த்தான். "ரிடயர்மென்ட் பேப்பர் அக்டோபர்ல வந்துச்சு. அதுல போட்டிருந்துச்சு."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"அவ வக்கீல் பாத்திருப்பாங்கன்னு நெனச்சேன். ஜனவரி பதினேழு வரைக்கும் காத்திருக்கச் சொன்னாங்க, காத்திருந்தேன். சொன்ன வாக்க நான் மீறல."

லூர்தெஸ் அதுவரை அழவில்லை. "அந்த ஏழு மாசத்த எனக்கு எதிராவே வச்சிருந்தியா, வெண்டெல்?" என்றாள்.

"நானா கேட்டேன்? வெளிய வான்னு கால்ல விழுந்து அழுதது நீதானே."

அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இன்னும் ஒரு நிமிடம் இருந்தால் அவன் நல்ல முழங்காலையும் நான் உடைத்திருப்பேன். நல்லது எதுவும் மிச்சமில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

வக்கீலம்மா ஒப்பந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேதிவரை காத்திருப்பேன் என்றுதான் அவன் எழுதியிருக்கிறான், அட்டை கிடைக்கும் என்று எழுதவில்லை. வீடு போனது போனதுதான். "மனுவ நிறுத்த ஒரே வழிதான் இருக்கு," என்றாள். "பிரிஞ்ச அந்த ஒரு வருஷத்துக்குள்ள அவர் திரும்பி வந்து உங்களோட குடும்பம் நடத்தியிருந்தா, அந்த வருஷம் செல்லாது. மொதல்லேருந்து எண்ணணும். ஆனா அது உண்மையா இருந்தாத்தான் சொல்லணும்." கடைசி வாக்கியத்தைக் கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

அது எனக்குப் போதுமாக இருந்தது. 2023 மார்ச்சில் லூர்தெஸ் வீட்டு வெந்நீர் பாய்லர் வெடித்துக் கூடமெல்லாம் தண்ணீர். வெண்டெல் வந்து மூன்று நாள் தங்கிச் சரிசெய்தான். சோபாவில்தான் படுத்தான். ஆனால் அவன் வண்டி வாசலில் நின்றதைத் தெருவே பார்த்தது.

"மூணு நாள மூணு வாரமாக்கு," என்றேன். "சோபாவக் கட்டிலாக்கு. அவன் துணியத் தொவச்சேன்னு சொல்லு, ரெண்டு பேரும் சேந்து இருக்கறதுன்னு முடிவு பண்ணினோம்னு சொல்லு. பக்கத்து வீட்டுக்காரி மாதிரி நான் சாட்சி சொல்றேன். அவன் காலையில உன் வாசல்ல நின்னு காபி குடிச்சத என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

"நீங்க பாக்கலையே."

"ஜட்ஜுக்குத் தெரியுமா?"

அவள் தலையை ஆட்டினாள். சரி என்று ஆட்டினாளா, சும்மா ஆட்டினாளா என்று நான் கேட்கவில்லை. பதில் மனுவில் வக்கீலம்மா ஒரே வரி எழுதினாள், ஒரு வருடம் தொடர்ந்து பிரிந்திருந்ததை மறுக்கிறோம் என்று. விசாரணை ஏப்ரல் கடைசியில் வைத்தார்கள். நடுவில் இரண்டு மாதமும் தைக்கத் தைக்க அவளுக்குப் பாடம் நடத்தினேன். எந்தத் தேதி வந்தான், என்ன சாப்பிட்டான், எந்தப் போர்வை. அவள் கேட்டுக்கொண்டே பெயர்ப்பட்டை தைப்பாள். வாய் திறந்து ஒரு தடவையாவது திருப்பிச் சொன்னாளா? இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு நான் சர்ச்சுக்குப் போகும் நீல உடையைப் போட்டுக்கொண்டு போனேன். பொய் சொல்லப் போகிறோம், பார்ப்பதற்காவது மரியாதையாக இருக்கட்டும். வெண்டெல் சீருடையில் வந்திருந்தான். மார்பு நிறைய ரிப்பன். அதில் பாதி நான் தைத்தது. பின்வரிசையில் பிரியெல் வயிற்றின்மேல் கையைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமும் காலும் வீங்கியிருந்தன.

வெண்டெல் முதலில் ஏறினான். மூன்று நாள் வந்தேன், பாய்லரைச் சரிசெய்தேன், சோபாவில் படுத்தேன் என்று உள்ளதைச் சொன்னான். அவன் செய்த ஒரே நல்ல காரியமும் எங்களுக்கு ஆகாததாகப் போயிற்று.

பிறகு லூர்தெஸ். கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள். விரல்கள் அன்றைக்கு வீங்கியே இருந்தன. நீதிபதி என்னைப் போல வயதான கறுப்பினப் பெண்மணி. வக்கீல்களைக் கையமர்த்திவிட்டு அவரே கேட்டார்.

"மிஸஸ் டேட், சுத்தி வளைக்காமக் கேக்கறேன். உங்க புருஷன் உங்களோட குடும்பம் நடத்தணும்னு திரும்பி வீட்டுக்கு வந்தாரா?"

"வந்தார்," என்றாள் லூர்தெஸ்.

என் மார்பு நிமிர்ந்தது. வக்கீலம்மா பேனாவை எடுத்தாள். பின்னால் பிரியெல் "ஐயோ" என்றாள்.

"எப்போ வந்தார்?"

"ரெண்டாயிரத்தெட்டு செப்டம்பர்ல. பட்டாளத்த விட்டுட்டு எனக்காக வந்தார். ஏழு மாசம் இருந்தார்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அது எனக்குத் தேவையில்லம்மா. பிரிஞ்சதுக்கப்புறம் வந்தாரான்னு கேக்கறேன்."

லூர்தெஸ் என்னைப் பார்த்தாள். சொல்லு, சொல்லு என்று நான் உதட்டை அசைத்தேன். அவள் திரும்பி வெண்டெலைப் பார்த்தாள். அவன் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் வரவே இல்ல," என்றாள்.

என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நீதிபதி கையெழுத்துப் போட்டார், எழுத்தர் முத்திரை குத்தினார், அடுத்த ஜோடியின் பெயரை வாசித்தார்கள். இருபது வருடம் மூன்று மாதச் சொச்சத்தை முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கார் கதவை அடித்துச் சாத்தினேன். "ஒரே ஒரு பொய்டி! நாக்கு வெந்தா போயிடும்? சாகற வரைக்கும் ஆஸ்பத்திரி! இப்ப என்ன கெடைக்கும்? ஒரு வருஷம். அடுத்த ஏப்ரல்ல கை வீங்கினா யாருடி பாப்பா? அந்தப் பொண்ணு மேல பரிதாபமா?"

"அவமேல எனக்கு என்ன பரிதாபம்?" என்றாள். "அவன் திரும்பி வந்தான்னு எப்படிச் சொல்லச் சொல்றீங்க? இருபது வருஷமா கடவுள்கிட்ட நான் கேட்டது அது ஒண்ணுதான். வராதவன வந்தான்னு சத்தியம் பண்ணி ஒரு அட்டைய வாங்கிட்டா, அப்புறம் எங்கிட்ட என்ன மிஞ்சும், மிஸ் வெர்லீன்? நீங்களே சொல்லுங்க."

சாவியைத் திருகப் போன கை நின்றுவிட்டது. என் புருஷன் ராஸ்கோவை எனக்குப் பதினாலாவது வருடத்திலேயே பிடிக்காமல் போயிற்று. அப்புறம் ஆறு வருடம் அவன் பக்கத்தில் படுத்தேன், அவன் அம்மாவுக்கு விருந்து சமைத்தேன், விமான நிலையத்தில் கொடியை ஆட்டிக்கொண்டு நின்று அவன் கழுத்தைக் கட்டி அழுதேன். இருபது வருடமும் மூன்று நாளும் ஆனதும் மனு போட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும் சொல்லவில்லை.

"ஒண்ணும் மிஞ்சாது," என்றேன்.